இதய நோயும் உயிர்ப்பொருள் வங்கியும்



வங்கி என்றதும் பணமும் நகையும் நம் நினைவுக்கு வரும். குருதி வங்கியையும் கண் வங்கியையும் நீங்கள் அறிவீர்கள். அவற்றில் ஒருவர் கொடுப்பதை மற்றொருவர் பெற்று, உயிரோ பார்வையோ அடைகிறார். இன்று நான் சொல்ல வந்த வங்கி இவற்றினின்றும் வேறானது. ஒருவருடைய குருதி சிறிதளவும், அவருடைய இதயத் தசையில் ஒரு துணுக்கும் அதில் சேமிக்கப்படுகின்றன. அவை வேறெவர் உடலுக்கும் செல்வதில்லை. பல்லாண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் கேட்கப்போகும் கேள்விக்கு விடை கூறுவதற்காக அவை கடுங்குளிரில் காத்திருக்கின்றன.

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பொருளுதவியோடு, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தகைய வங்கி ஒன்று தொடங்கப்பெற்றது. தேசிய இதயச் செயலிழப்பு உயிர்ப்பொருள் வங்கி என்பது அதன் பெயர். ஏறத்தாழ 25,000 மாதிரிகளைச் சேமிக்கும் வசதி அங்கே உண்டு. நோயாளர்களின் குருதி, சீரம், வெள்ளணுக்கள், டி.என்.ஏ., திறந்த இதய அறுவையின்போது கிடைக்கும் திசு ஆகியவை அங்கே சேர்க்கப்படுகின்றன.

இதயச் செயலிழப்பு என்ற சொல்லைக் கேட்டால், இதயம் நின்றுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அஃது அவ்வாறன்று. கைம்முட்டி அளவே உள்ள நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதுகூட ஒரு நிமிடத்தில் ஐந்து லிட்டர் அளவுக்குக் குருதியைச் செலுத்துகிறது. அந்த இதயம் தளர்ந்து, உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்த இயலாது போகும் நிலையே இதயச் செயலிழப்பு. செலுத்தப்படாத குருதி பின்னே தேங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது, கால்கள் வீங்குகின்றன, நான்கு படி ஏறினாலே களைப்பு மேலிடுகிறது. நோயாளி படுத்துறங்க மாட்டாமல், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இரவைக் கழிக்கிறார்.

இந்நோய் முதுமைக்கே உரியது என்று நாம் ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. நம் நாட்டில் 53 மருத்துவமனைகள் சேர்ந்து 10,851 நோயாளர்களைப் பதிவு செய்த தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டின்படி, அவர்களுடைய சராசரி வயது ஏறத்தாழ அறுபதுதான். மேலை நாட்டு நோயாளர்களைவிட இது சுமார் பத்தாண்டு குறைவு. குடும்பத்தைத் தாங்கும் வயதிலேயே நோய் வந்துவிடுகிறது என்பது இதன் பொருள். 2013ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் இந்நோயோடு சேர்க்கப்பெற்ற 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஓராண்டுக்குள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்துவிட்டனர் என்பது தெரியவந்தது.

இனி, உங்களுள் ஒருவர் எழுந்து வினவலாம்: “நோயைக் கண்டறியக் கருவிகள் உள்ளன, மருந்துகளும் உள்ளன, பிறகு நோயாளியின் குருதியையும் தசையையும் சேர்த்துவைப்பது எதற்கு?” நல்ல கேள்வி. இதற்கு மூன்று வரலாறுகளால் விடை கூறுகிறேன்.

முதலாவது கனடா நாட்டில் நிகழ்ந்தது. 1981ஆம் ஆண்டில் அடால்ஃபோ டி போல்ட் என்ற அறிஞரும் அவர் தோழர்களும் எலியின் இதய மேலறைத் திசுவிலிருந்து ஒரு சாற்றை எடுத்து, வேறு எலிகளின் குருதியில் செலுத்தினார்கள். சிறிது நேரத்தில் அவ்வெலிகளின் உடலிலிருந்து உப்பும் நீரும் மிகுதியாகச் சிறுநீர் வழியே வெளியேறின. இதயம் வெறும் இறைப்பான் அன்று, அதுவும் ஒரு சுரப்பி என்பது அன்று வெளிப்பட்டது. 1988இல் சப்பானிய அறிஞர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு பொருளைப் பன்றியின் மூளையில் கண்டார்கள். மூளையில் கண்டதால் அதற்கு மூளையின் பெயரையே சூட்டினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, அதனை மிகுதியாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகளே என்று தெரிந்தது. இதயம் விரிந்து தவிக்கும்போது அச்சுரப்பு குருதியில் பெருகுகிறது. இன்று மூச்சுத் திணறலோடு வருபவருக்கு நோய் இதயத்திலா நுரையீரலிலா என்று அறிய மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பி.என்.பி. என்னும் குருதிச் சோதனை இவ்வழியே வந்ததுதான். திசுவில் தொடங்கிய தேடல், குருதிச் சோதனையாக முடிந்தது.

இரண்டாவது நம் மதுரையோடு தொடர்புடையது. இதயத் தசை சுருங்குவதற்கு வேண்டிய புரதங்களுள் மயோசினோடு பிணையும் புரதம் ஒன்று உண்டு. அதனை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வேறுபாடு, தென்னாசிய மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவில் காணப்படுகிறது என்று 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பணியாற்றிய தண்டபாணி, ஐதராபாத்து உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் முதலியோர் அதனை நிகழ்த்தினர். பிற கண்டங்களில் வாழும் மக்களிடம் அவ்வேறுபாடு பெரும்பாலும் இல்லை. அதனைக் கொண்ட அனைவர்க்கும் நோய் வருவதில்லை. வாழ்நாள் முழுதும் நலமாயிருப்போரும் பலர். ஆயினும் இதயத் தசை நோய்க்குரிய வாய்ப்பு அதனால் மிகுகிறது என்பதே அவர்கள் கண்டது.

இதனை அவர்கள் எவ்வாறு கண்டார்கள்? இதய நோயாளர்களின் குருதியை மட்டும் பார்த்திருந்தால் கண்டிருக்க முடியாது. நோயற்றவர்களின் குருதியும் வேண்டும். இந்தியாவின் பல பகுதிகளில் வாழும் பல வகை மக்களின் குருதியும் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. ஐரோப்பியரின் குருதியை மட்டுமே ஆயிரமாண்டு ஆராய்ந்தாலும் இவ்வுண்மை கிட்டியிராது. நம்முடைய நோயை அறிய நம்முடைய மாதிரிகளே வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

மூன்றாவது வரலாறு ஓர் எச்சரிக்கையும் ஆகும். ஒரு காலத்தில் கேரளத்தில், இதயத்தின் உட்சுவர் நார்போல் தடித்துப் போகும் ஒரு நோய் ஏழை எளிய இளைஞர்களை வாட்டியது. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டிலும் அந்நோய் இருந்தது. திருவனந்தபுரத்தில் வலியத்தான், கர்த்தா முதலிய அறிஞர்கள் அந்நோயாளர்களின் இதயத் திசுவை ஆராய்ந்தபோது, சீரியம் என்னும் தனிமம் அதில் மிகுந்திருக்கக் கண்டார்கள். கேரளக் கடற்கரையின் மோனசைட்டு மணலில் சீரியம் உண்டு. மண்ணுக்கும் நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று 1980களில் அவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். மக்களின் வாழ்க்கைத்தரம் உயர உயர அந்நோய் அருகிவிட்டது. ஆனால் அதன் காரணம் இதுதான் என்று உலகம் ஒருமுகமாக இன்னும் முடிவு செய்யவில்லை. நோய் மறைந்துவிட்டால் அதன் புதிய திசு நமக்குக் கிடைக்காது. முன்னர்ச் சேமித்தவை இருந்தால் மட்டுமே, புதிய கருவியைக்கொண்டு பழைய கேள்வியை மீண்டும் கேட்கலாம்.

இனி, மாதிரி சேகரிக்கும் முறையைக் காண்போம். குருதி எடுப்பது எளிது. கை நரம்பில் ஊசி செலுத்தி, பெரும்பாலும் சில தேக்கரண்டி அளவே எடுப்பார்கள். உறையாமல் தடுக்கும் மருந்திட்ட குழாயில் ஒரு பகுதி செல்லும்; அதிலிருந்து பிளாஸ்மாவும் டி.என்.ஏ.யும் கிடைக்கும். மருந்தில்லாத குழாயில் மற்றொரு பகுதி செல்லும். அஃது உறைந்தபின் மேலே தெளிவது சீரம். மையவிலக்குப் பொறியில் சுழற்றிப் பிரித்தபின், அதனை ஒரே குப்பியில் வைப்பதில்லை. சிறு சிறு குப்பிகளாகப் பங்கிடுவார்கள். ஏனெனில் ஒரு முறை உருக்கி மறுமுறை உறையவைத்தால் அதிலுள்ள நுண்பொருள்கள் சிதைகின்றன. ஊறுகாய்ச் சாடியில் பலமுறை கைவிட்டால் ஊறுகாய் கெடுவதை நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். சிறு கிண்ணத்தில் வேண்டிய அளவே எடுத்துவைப்பர். அதே அறிவுதான் இது.

இதயத் தசையைப் பெறுவது அவ்வளவு எளிதன்று. தோல் வெட்டுண்டால் மீண்டும் வளரும். இதயத் தசை அவ்வாறு வளர்வதில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர் விரும்பியபோதெல்லாம் அதனைக் கிள்ளியெடுத்தல் இயலாது. திறந்த இதய அறுவையின்போது, இதய-நுரையீரல் பொறியின் குழாயைப் பொருத்தும் இடத்தில் மேலறையின் சிறு துணுக்கு ஒன்று வெட்டப்படுவதுண்டு. தடித்த இடைச்சுவரைக் குறைக்கும் அறுவையில் தசைத்துண்டு வெளியே வரும். மாற்று இதயம் பொருத்தும்போது பழைய இதயம் முழுவதுமே வெளியே வந்துவிடும். மருத்துவத்துக்காக எடுக்கப்பட்டு, குப்பைக்குச் செல்லவேண்டியதே இவ்வாறு ஆராய்ச்சிக்கு வருகிறது.

எடுத்த கணம் முதல் காலத்தோடு ஒரு போட்டி தொடங்குகிறது. குருதியோட்டம் நின்ற தசையில் ஆர்.என்.ஏ. போன்ற மென்மையான பொருள்கள் விரைவில் அழியத் தொடங்குகின்றன. எனவே அறுவைக்கூடத்தின் வாயிலிலேயே ஒருவர் பனிக்கட்டிப் பெட்டியோடு காத்து நிற்பார். ஒரு துண்டு திரவ நைட்ரஜனில் அமிழ்த்தப்படும். அதன் குளிர் சுழிக்குக் கீழ் 196 பாகை. மற்றொரு துண்டு, நுண்ணோக்கியில் காண்பதற்காக ஃபார்மலினில் இடப்படும். பின்னர் மாதிரிகள் சுழிக்குக் கீழ் 80 பாகையிலும், அதனினும் குறைந்த வெப்பநிலையிலும் வைக்கப்படும். மின்சாரம் ஓர் இரவு நின்று, மாற்று ஏற்பாடும் இல்லையென்றால் பல்லாண்டு உழைப்பு பாழாகும்.

குப்பியின்மேல் நோயாளியின் பெயர் இராது. ஒரு குறியீடு மட்டுமே இருக்கும். ஆனால் அக்குறியீட்டுக்குப் பின்னே ஒரு வரலாறு எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அவருடைய வயது என்ன, நீரிழிவு உண்டா, உட்கொண்ட மருந்து யாது, குருதி எடுத்த நேரம் எது, ஓராண்டு கழித்து எவ்வாறு இருந்தார் என்பவை இல்லையேல், அம்மாதிரி அட்டையும் முதற் பக்கமும் கிழிந்துபோன ஏட்டுக்கு ஒப்பாகும். பொறுமையாகப் பதிவு செய்யும் எழுத்தரின் பணி இதில் அறுவை மருத்துவரின் பணிக்குத் தாழ்ந்ததன்று.

இதுவரை கூறியது அறிவியல். இனிக் கூறப்போவது அறம். என்னைப் பொறுத்தமட்டில் இதுவே முதன்மையானது.

நான் வாழ்வது ஓசூரில். கிருட்டிணகிரி மாவட்டத்தின் இவ்வெல்லைப் பகுதி, ஒரு தெருவிலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும் இடம். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஒரியாவும் வங்காளியும் இந்தியும் சேர்ந்துகொண்டன. கிருட்டிணகிரியில் 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆயினும் பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் தொலைவே ஆதலின், இதயத்தில் பெருநோய் என்றால் எங்கள் மக்களுள் பலர் எல்லை தாண்டி அங்கேயே செல்கின்றனர்.

ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற என் அண்டை வீட்டு நண்பர் ஒருவர்க்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதய அறுவை செய்யவேண்டி வந்தது. அறுவைக்கு முன்னாள் ஒரு தாளைக் கொடுத்து, கையொப்பமிடச் சொல்லியிருக்கிறார்கள். தாள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. நண்பருக்கோ தமிழ் மட்டுமே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அவருடைய மகன் அதனைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியை நண்பரிடம் கொடுத்தான்.

“ஐயா, என் இதயத்தில் ஒரு துண்டு கேட்கிறார்களாம். கொடுத்தால் அறுவையில் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்களா?” என்றார்.

தாளைப் படித்துப் பார்த்தேன். அறுவையில் எப்படியும் வெளிவரும் தசையைத்தான் கேட்டிருந்தார்கள். அதனோடு ஒரு குழாய் குருதி. அதைச் சொன்னேன்.

“மாட்டேன் என்றால் வைத்தியத்தைக் குறைத்துவிடுவார்களோ?”

“குறைக்கக் கூடாது என்று இத்தாளிலேயே எழுதியிருக்கிறது, பின்னர் மனம் மாறினாலும் திரும்பப் பெறலாம் என்றும் இருக்கிறது” என்றேன்.

சற்றுப் பேசாதிருந்து மூன்றாவதாக ஒன்று கேட்டார்: “இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?”

“உங்களுக்கு நேரே ஒன்றும் கிடைக்காது. உங்கள் பேரன் காலத்தவர்க்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்” என்றேன். அதைவிட இனிமையாகச் சொல்ல உண்மை இடந்தரவில்லை.

அந்தத் தாளில் தனித்தனியே சில கட்டங்கள் இருந்தன. இந்த ஆராய்ச்சிக்கு மட்டுமா, வருங்கால ஆராய்ச்சிகளுக்குமா, பிற நிறுவனங்களுக்கு அனுப்பலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனி விடை கேட்டிருந்தார்கள். மூன்றையும் தமிழில் விளக்கினேன். அவர் முதலிரண்டுக்கும் இசைந்து, மூன்றாவதை மறுத்தார். “நம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும் ஐயா” என்றார். அது சரியா தவறா என்று நான் கூறவில்லை. அது அவருடைய தசை, முடிவும் அவருடையதே. ஆனால் தொலைபேசியில் ஒருவர் கிடைத்ததனால் அவர்க்குப் பொருள் விளங்கியது. கிடைக்காதவரின் நிலை என்ன என்பதே என்னை விட்டகலாத கேள்வி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதற்குத் தெளிவாக வழி கூறுகின்றன. பங்கேற்பவர்க்குப் புரியும் மொழியில் விளக்கம் தரப்படவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்கக் கைந்நாட்டுப் பெறவேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட சிறுவராயின், பெற்றோரின் ஒப்புதலோடு சிறுவரின் இசைவையும் கேட்கவேண்டும். நெறிமுறைக் குழு ஒன்று ஆராய்ச்சியை முன்கூட்டியே ஆய்ந்து அனுமதிக்கவேண்டும். இவை வெறும் சடங்கல்ல.

ஏன் சடங்கல்ல என்பதற்கு அமெரிக்க வரலாறு ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டில் பால்டிமோர் நகர மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்சு என்னும் கறுப்பினப் பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து, ஆராய்ச்சிக்கென்று அவர் இசைவைக் கேளாமலே திசு எடுக்கப்பட்டது. அவர் அவ்வாண்டே இறந்தார். அவருடைய உயிரணுக்களோ ஆய்வுக்கூடத்தில் இறவாமல் பெருகி, உலகமெங்கும் பரவின; இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி ஆராய்ச்சிக்கும் உதவின. அவற்றை வைத்து நிறுவனங்கள் பொருளீட்டின. குடும்பத்தார்க்கு அச்செய்தி தெரிந்ததே 1970களில்தான். 2023ஆம் ஆண்டில்தான் ஒரு நிறுவனம் அவர் வழியினரோடு வழக்கில் இணக்கம் கண்டது. விளைந்த நன்மை பெரிது. ஆயினும் கேளாமல் எடுத்த குற்றம் அதனால் மறையவில்லை. ஒருமுறை இழந்த நம்பிக்கையை மீட்க ஆராய்ச்சியாளர் பல தலைமுறை உழைக்கவேண்டியிருக்கிறது.

மற்றொன்றும் கூறவேண்டும். அச்சத்தால் எல்லாரும் மறுத்துவிட்டால் என்ன ஆகும்? தேசியப் பதிவேட்டிலுள்ள நோயாளர்களுள் பெண்கள் மூவரில் ஒருவர்க்கும் குறைவு. மருத்துவமனைக்கு வந்துசேராதவரின் நோய் பதிவேட்டிலும் வராது, வங்கியிலும் வராது. நாட்டுப்புறத்தார், பெண்கள், இடம்பெயர்ந்த தொழிலாளர் ஆகியோரின் மாதிரிகள் இல்லாத வங்கி, பாதி உண்மையையே பேசும். அப்பாதி உண்மையைக் கொண்டு செய்த மருந்து, விடுபட்டவர்க்குப் பொருந்தாமலும் போகலாம். ஆகவே கேளாமல் எடுப்பதும் தீது. விளக்காமையால் கிடைக்காமற் போவதும் தீது. இரண்டையும் தவிர்க்கும் வழி ஒன்றே: நோயாளியின் மொழியில், அவர் அருகில் அமர்ந்து, அவசரமின்றி எடுத்துரைத்தல்.

இங்கேதான் மாணவர்களாகிய உங்கள் பங்கு வருகிறது. உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள். சிலர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவீர்கள். குளிர்பெட்டிகளையும் மையவிலக்குப் பொறிகளையும் செய்யும் தொழிற்சாலைக்குச் சிலர் செல்லக்கூடும். அவர்களுக்கு நான் சொல்லவேண்டியது சிறிதே: குப்பியில் இருப்பது சரக்கு அன்று, ஒரு மனிதர் நம்பிக் கொடுத்தது. ஏனையோர்க்கு ஒரு பணி இன்றே காத்திருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் மருத்துவமனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தால், அதனை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டுங்கள். தெரியாத சொல்லை மருத்துவரிடமே கேளுங்கள். “கையெழுத்துப் போடுங்கள்” என்றும் சொல்லாதீர்கள். “போடாதீர்கள்” என்றும் சொல்லாதீர்கள். புரியவைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

பதினெட்டு வயது நிரம்பியவர்கள், நோயற்றவர்களின் குருதியை ஒப்பீட்டுக்காகக் கேட்கும் ஆய்வு உங்கள் ஊருக்கு வந்தால், கேள்விகளைக் கேட்டுத் தெளிந்து, மனம் ஒப்பினால் கொடுங்கள். மதுரை ஆய்வுக்கு நோயாளர் எவ்வளவு வேண்டியிருந்தனரோ, நலமுடையோரும் அவ்வளவு வேண்டியிருந்தனர் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

ஒரு துணுக்குத் தசையால் நோய் தீர்ந்துவிடாது. ஆயிரம் துணுக்குகளும், அவற்றுக்குரிய ஆயிரம் உண்மையான குறிப்புகளும், அவற்றைத் தந்த ஆயிரம் மனமொப்பிய இசைவுகளும் சேர்ந்தால் ஒரு விடை பிறக்கலாம். அவ்விடை வரும்போது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கும் ஒருவர் நிமிர்ந்து படுத்துறங்குவார்.